பன்னிரண்டாவது எடை

2016 ஆகஸ்ட் 11, வியாழன், மசாகா

புகிந்துப் பள்ளிக்கூடத்துக் கல்லுக்கு இன்று எட்டாவது சுற்று. ஐந்து மணி நேரம் தண்ணீரில் ஊறப் போட வேண்டும், இரண்டு நாள் ஓவனில் காய வைக்க வேண்டும், எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் எல்லாப் பக்கமும் தேய்க்க வேண்டும், எடை போட வேண்டும். பிறகு மறுபடி தண்ணீர். இப்படிப் பன்னிரண்டு முறை. "மழையும் வெயிலும் வருஷக்கணக்கா செய்யுறத நாங்க இருபத்து நாலே நாள்ல செஞ்சு காட்டிடுவோம்" என்று கல்யங்கோ சார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். லேபுக்குத் தலைவர் அவர். தோள் வலி எனக்கு.

மண்ணில் நூற்றுக்கு ஆறு பங்கு சிமெண்ட் கலந்து கை மெஷினில் அழுத்திய கல். கட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்க மூன்று அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றைத் தேய்க்கிறேன், ஒன்று உடைத்துப் பார்க்க, ஒன்று உபரி. தேய்க்கும் கல்லின் எடை தொடக்கத்தில் 8420 கிராம். இன்று 7720. கடைசியில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தேய்ந்திருந்தால் தேறாது. இப்போதே எட்டுக்கு மேல் போய்விட்டது.

இந்த மண் தேறாது என்று நினைக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, சனி

ஒன்பதாவது. 7640.

தம்பி போன் பண்ணினான். அடுத்த சனிக்கிழமை அவன் மகள் நகிமேராவின் குவாஞ்சுலா. மாப்பிள்ளை வீட்டார் வந்து முறைப்படி பெண் கேட்கும் நாள். "அத்தை இல்லாம எங்கயாவது நடந்திருக்கா? நீ வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துடணும்க்கா. கல்லு மண்ணுன்னு கத சொல்லாத." வருகிறேன் என்றேன். வராமல் எப்படி? சபையில் மாப்பிள்ளையை அடையாளம் காட்ட வேண்டியவளே நான்தான்.

ஆகஸ்ட் 15, திங்கள்

நேற்று மதியம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஈஸ்டரிலிருந்தே படுத்த படுக்கை. ஓவனைத் திறந்தால் உள்ளே குளிர்ந்த இருட்டு. கல்லைத் தூக்கி முற்றத்தில் வைத்தேன். வெயில் வரவில்லை, மேகம்தான் வந்தது.

பத்தாவது எடை: 7905.

தேய்த்த கல் எடை கூடுமா? தனியாக நின்று சிரித்துவிட்டேன். உள்ளே தண்ணீர் இருக்கிறது, அவ்வளவுதான். கரண்ட் வரும்வரை காத்திருந்து, காய வைத்து, அடுத்தடுத்து இரண்டு முறை எடை போட்டு, இரண்டும் ஒன்றாக வந்த பிறகுதான் கணக்கில் எழுத வேண்டும். அதுதான் முறை. எனக்குத் தெரியாதா, பதினேழு வருஷமாக இதைத்தானே செய்கிறேன்.

சாரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "திங்கக்கிழமை புகிந்துப் பள்ளிக்கூட சிஸ்டருக்கு அறிக்கை குடுத்தாகணும் நபோஸா. செப்டம்பர் மழைக்கு முன்னாடி அவங்க கல்லு அழுத்த ஆரம்பிக்கணும். பாத்து முடிச்சிடு" என்றார்.

பார்த்து முடிப்பது என்றால் என்ன? அவர் பொய் எழுது என்று சொல்லவில்லை. அதை நான் நேர்மையாக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 17, புதன்

கரண்ட் இல்லை. பதினொன்றாவது தேய்த்தேன். கல் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிறது.

ஆகஸ்ட் 19, வெள்ளி

பன்னிரண்டாவது எடை 7800. தேய்மானம் நூற்றுக்கு ஏழு புள்ளி நான்கு. தேறிவிட்டது.

ஆனால் ஒன்பதாவது எடை 7640 என்று இருக்கும்போது பன்னிரண்டாவது 7800 என்று எவள் எழுதுவாள்? புதுத் தாள் எடுத்தேன். நான்காவதிலிருந்து பதினொன்றாவது வரை எட்டையும் படிப்படியாக இறங்குகிற மாதிரி மாற்றி எழுதினேன். அழகாக வந்தது. நிஜக் கணக்குக்கூட அவ்வளவு அழகாக இறங்காது. கையெழுத்துப் போட்டேன். பழைய தாளைக் கிழிக்கக் கை வரவில்லை. மடித்து இந்த நோட்டில் வைத்திருக்கிறேன்.

நாலு மணி பஸ்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

குவாஞ்சுலா நன்றாக நடந்தது. வந்தவர்கள் நூற்றைம்பது பேருக்குக் குறையாது. புது கோமெஸி அங்கியை உடுத்தி, இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டி, மாப்பிள்ளைக் கூட்டத்துக்குள் போய், வேண்டுமென்றே நாலு பேரைத் தவறாகப் பார்த்துத் தலையாட்டிச் சிரிக்க வைத்து, கடைசியில் மாப்பிள்ளை சட்டையில் பூவைக் குத்தினேன். "இவரை எனக்குத் தெரியும். யார், எப்படிப்பட்டவர்னு நானே விசாரிச்சுட்டேன். என் வார்த்தைய நம்பி பொண்ணு குடுங்க" என்று அத்தை சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கைதட்டினார்கள்.

தம்பி எழுந்து, "எங்க அக்கா லேப்ல தராசு பிடிக்கிறவ. அவ எடை போட்டா ஒரு கிராம் பிசகாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடலைக் குழம்போடு மட்டோக்கே, வாழைக்காய் மசியல், வைத்தார்கள். தட்டை அப்படியே பக்கத்துப் பிள்ளையிடம் தள்ளினேன். பயணக் களைப்பு என்று சொன்னேன்.

செப்டம்பர் 2, வெள்ளி

புகிந்துவிலிருந்து தலைமையாசிரியை சிஸ்டர் பெர்பெதுவா வந்தார். போன வாரமே அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, நன்றி சொல்ல வந்தாராம். கூட ஸெம்வங்கா என்று ஒரு கொத்தனார். கல் அழுத்துகிற வேலைக்கு அவர்தான் பொறுப்பு, சிமெண்ட் அறைச் சாவியும் அவரிடம்தான். மாதா கோயிலில் பூசைக்கு முரசு அடிப்பவரும் அவரே என்று சிஸ்டர் பெருமையாகச் சொன்னார். ஐம்பது வயது இருக்கும். ஒவ்வொரு விரலும் ஒரு மரவள்ளிக் கிழங்கு.

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஆறு பங்கு போதுமாம்மா? எங்க மண்ணு கையில ஒட்டுற மண்ணு. கழுவினாலும் போகாது. எட்டு போட்டா தேவலைன்னு என் மனசு சொல்லுது."

நான் சிரித்தேன். "உங்க மனசுக்கு ஓவன் இருக்கா? பேப்பர் சொல்லுதுல்ல" என்றேன்.

சிஸ்டரும் சிரித்தார். ஸெம்வங்கா தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "படிச்சவங்க சொன்னா சரிதாம்மா" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாரே. "எட்டே போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அந்தப் பொய்யாவது நல்ல பொய்யாக இருந்திருக்கும்.

நவம்பர் 6, ஞாயிறு

நாலாயிரம் கல் ஆகிவிட்டதாம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முறை வைத்து மண் சலிக்கவும் ஜெர்ரிகேனில் தண்ணீர் சுமக்கவும் வந்தார்களாம். எனக்கென்று ஒரு வாழைக்காய்க் குலை அனுப்பியிருக்கிறார்கள். சமைத்துச் சாப்பிட்டேன்.

2017 பிப்ரவரி 7, செவ்வாய்

நேற்றிலிருந்து புதுக் கட்டடத்தில் முதல் வகுப்பு நடக்கிறது. திறப்பு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 14, செவ்வாய்

விடாத மழை. லேபின் தகரக் கூரையில் விழுகிற ஒவ்வொரு மழையும் எனக்குப் புகிந்துவில் விழுகிறது.

மார்ச் 19, ஞாயிறு

சிஸ்டர் நேற்று போனில் அழுதார். இன்று பஸ்ஸில் போய், சந்திப்பிலிருந்து போடா என்கிற வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறி, இடுப்பு வரை சேறோடு போய்ச் சேர்ந்தேன்.

மழை அடிக்கிற மேற்குச் சுவர். கீழ் நாலு வரிசையும் எலி கடித்த ரொட்டி. சாந்து அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, கல்தான் உள்ளே போய்விட்டது. என் விரலை வைத்தேன், முதல் கணு வரை இறங்கியது. பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து பலாமரத்தடியில் உட்கார வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் கோயிலுக்குள் ஓடுகிறார்கள்.

இது போதாதா? போதவில்லை. சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்க பேப்பர் இல்லன்னா நாங்க ஏமாந்தே போயிருப்போம் நபோஸா. நீங்க சோதிச்ச கல்லு நல்ல கல்லு. அப்ப சுவத்துல இருக்கறது வேற கல்லுன்னுதானே அர்த்தம்? சிமெண்ட குறைச்சிருக்கான். சாவி அவன்கிட்டதானே இருந்துச்சு."

ஸெம்வங்கா திருடிவிட்டாராம். போன வருஷம் அவர் வீட்டு அடுப்படிக்குச் சிமெண்ட் தரை போட்டாராம், அதுதான் சாட்சி. பள்ளிக் கமிட்டி ஆட்கள் என் அறிக்கையை நெகிழி உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்கள். ஏழு புள்ளி நான்கு. என் கையெழுத்து.

பூசைக்கு இன்று வேறு யாரோ முரசு அடித்தார்கள். தாளம் தடுமாறியது. ஸெம்வங்கா கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றார். அவர் மனைவி வரவில்லை. அவருக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது, அத்தனை நெரிசலிலும்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் இருந்தது, நாக்கு இருந்தது. பேசல. போடாக்காரன் காத்துக்கிட்டிருக்கான்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். சீ.

மார்ச் 20, திங்கள்

கிடங்கில் உபரிக் கல் இன்னும் இருக்கிறது. புகிந்து, எண் மூன்று. அதே மண், அதே ஆறு பங்கு, அதே நாள் அழுத்தியது. தண்ணீரில் போட்டேன். சாரிடம் சொல்லவில்லை. ஒருவேளை தேறிவிட்டால்? அப்போது நான் பொய் எழுதியிருந்தாலும் உண்மையைத்தான் எழுதியிருப்பேன். அப்படியும் ஒரு நப்பாசை. ஒரு மனிதர் உண்மையிலேயே திருடனாக இருக்க வேண்டும் என்று தவக்காலத்தில் வேண்டிக்கொள்கிற பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 3, திங்கள்

ஏழாவது. இந்த முறை கரண்ட் ஒரு நாளும் போகவில்லை. அப்போது போனதற்கு இப்போது ஈடு கட்டுகிறதோ என்னவோ.

ஏப்ரல் 13, பெரிய வியாழன்

பன்னிரண்டாவது. காய வைத்து இரண்டு முறை எடை போட்டேன், இரண்டும் ஒன்று. தேய்மானம் பன்னிரண்டு புள்ளி ஆறு.

ஸெம்வங்கா ஒரு பிடி சிமெண்டுகூட எடுக்கவில்லை. ஆறு பங்கு அந்த மண்ணுக்குப் போதாது. அவருடைய கை சொன்னது சரி. என் தாள் சொன்னது பொய்.

ஏப்ரல் 14, பெரிய வெள்ளி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் முழுவதையும் கேட்டார். பிறகு, "கடவுள் கேட்டுட்டாரும்மா. புகிந்து ஜனங்க எப்பக் கேப்பாங்க?" என்றார். மன்னிப்பு வாங்கி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தேன். பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 18, செவ்வாய்

கல்யங்கோ சாரின் மேஜையில் நான் அனுப்பிய அறிக்கையின் நகலையும் புதுச் சோதனைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழைய மடிப்புத் தாளையும் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"இப்ப இதக் கெளறி யாருக்கு என்ன லாபம்? கல்லுக்குக் கல்லு வித்தியாசம் வரும்னு ஒரு கடிதம் எழுதிக்கலாம். உன் பேரும் கெடாது, லேப் பேரும் கெடாது."

"அவர் பேரு கெட்டுப்போச்சே சார்."

"கிராமத்துல ஆறு மாசத்துல மறந்துடுவாங்க."

நானும் அந்த மாதிரி ஒரு கிராமத்தில் பிறந்தவள்தான். என் தாத்தாவின் சித்தப்பா ஒரு ஆட்டைத் திருடியதாகச் சொல்வார்கள். இன்றுவரை அந்த வீட்டை ஆட்டுக்கார வீடு என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"பாத்து முடிச்சிடுன்னு நீங்க சொன்னீங்க" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எவ்வளவு கேவலமாக இருந்தது என்று தெரிந்தது. அன்று பேனா என் கையில்தான் இருந்தது. சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தாளையும் என் பக்கம் தள்ளினார்.

ஏப்ரல் 29, சனி

நாளைக்குப் பூசை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. ஸெம்வங்காவைப் போலீசில் கொடுப்பதா என்று முடிவு செய்யப் போகிறார்களாம். சிஸ்டர் என்னையும் வரச் சொன்னார். சோதனை பண்ணியவள் நேரில் வந்து சொன்னால் வலுவாக இருக்குமாம்.

ஏப்ரல் 30, ஞாயிறு

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றி நினைக்க ஆரம்பித்துவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு என்று இப்போது தெரியும்.

பலாமரத்தடியில் அறுபது பேர் இருந்தார்கள். ஸெம்வங்கா தனியாக ஒரு முக்காலியில். நான் நேராக அவர் முன்னால் போய் மண்டியிட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே, "வாங்கம்மா, சுகமா?" என்றார். வேறு யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. எப்படி நினைப்பார்கள்? எங்கள் பக்கத்தில் பெண்கள் வணக்கம் சொல்வதே மண்டியிட்டுத்தானே. காலையிலிருந்து அந்த மரத்தடிக்கு வந்த பெண்கள் எல்லோரும் மண்டியிட்டிருக்கிறார்கள். மன்னிப்புக்கென்று தனியாக ஒரு மண்டியிடல் எங்களிடம் இல்லை. முழங்காலில் முடித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எழுந்து நின்று சொன்னேன். "கல்லு காயல. கரண்ட் இல்ல. தம்பி வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போற அவசரத்துல ஈரக் கல்ல எடை போட்டு காஞ்ச கல்லுன்னு எழுதினேன். முன்னாடி எழுதின எடையயும் மாத்தினேன். இவர் சிமெண்ட் எடுக்கல. ஆறு பங்குன்னு சொன்னது தப்பு. அது என் தப்பு." பழைய மடிப்புத் தாளையும் புதுச் சோதனைத் தாளையும் நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. கடைசியில் சிஸ்டர் வாங்கினார்.

முன்வரிசையில் ஒரு பெண், மடியில் பால் குடிக்கிற பிள்ளை, மெதுவாகத்தான் கேட்டாள். "அப்ப நான் எட்டு மாச வயித்தோட சுமந்த தண்ணி?"



பின்னால் ஒரு கிழவர், "ஒரு நாள் கரண்ட் போனதுக்கா ஒரு பள்ளிக்கூடம்!" என்றார். ஐந்து நாள் என்று திருத்தப் போனேன். நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஸெம்வங்கா எழுந்தார். கத்துவார் என்று நினைத்தேன். "செப்டம்பர்ல எட்டு போடலாமான்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீ சிரிச்ச."

"ஆமா."

"என் மனசுக்கு ஓவன் இருக்கான்னு கேட்ட." அவ்வளவுதான். தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டார். அதுவரை 'அம்மா, வாங்க' என்றவர் இன்று 'நீ' என்றார். கமிட்டித் தலைவர் பின்னாலேயே ஓடிப்போய் ஏதோ சொன்னார். அவர் திரும்பவில்லை.

பஸ்ஸில் முழு வழியும் அழுதேன். பக்கத்தில் இருந்தவள் யார் செத்தது என்று கேட்டாள்.

மே 9, செவ்வாய்

லேபில் தீர்மானமாகிவிட்டது. இனி எந்த அறிக்கையிலும் நான் கையெழுத்துப் போட முடியாது. ஊற வைக்கலாம், தேய்க்கலாம், எடை போடலாம். கையெழுத்து சார் போடுவார். வேலையை விட்டு அனுப்பவில்லை. இந்த ஊரில் வேறு யாருக்கும் ஒரே அழுத்தத்தில் பன்னிரண்டு முறை தேய்க்க வராது என்பதால்தான், இரக்கத்தால் இல்லை. தம்பிக்கும் செய்தி போய்விட்டது. போன் பண்ணி வேறு எல்லாம் பேசினான், இதைப் பேசவில்லை.

புகிந்துவில் மேற்குச் சுவரை இடித்து, கீழே கருங்கல் வைத்து, மேலே புதுக் கல்லாகக் கட்டப் போகிறார்கள். மற்ற சுவர்களுக்குப் பூச்சு. சாரிடம் கேட்டேன், புதுக் கல்லை லேப் இலவசமாகச் சோதித்துக் கொடுக்கும்.

ஜூன் 21, புதன்

புதுக் கல் வந்தது. எட்டு பங்கு. கொண்டுவந்தவர் ஸெம்வங்கா. மூன்று கல்லிலும் ஆணியால் தன் பெயரைக் கீறியிருக்கிறார். "மாறிடக்கூடாது பாரு" என்றார்.

ஜூலை 15, சனி

இன்று பன்னிரண்டாவது எடை. காலை எட்டு மணிக்கு நான் கதவைத் திறக்கும்போதே ஸெம்வங்கா படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து, ஒரு ஜெர்ரிகேனைக் கவிழ்த்துப் போட்டு ஓவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். மதியம் சோளக்கதிர் வாங்கிக் கொடுத்தேன். வாங்கவில்லை. பையிலிருந்து தான் கொண்டுவந்த மரவள்ளியை எடுத்துச் சாப்பிட்டார்.

"நீங்க இங்கேயே இருக்கணும்னு இல்ல" என்றேன்.

"அடுப்புல ஒண்ண ஏத்திட்டு ஊருக்குப் போற பொம்பளைய எனக்குத் தெரியும்" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அவர் வாயோரம் லேசாக ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. நான் பார்த்தது சரியா என்று இப்போது சத்தியம் செய்ய மாட்டேன்.

மூன்று மணிக்கு 8062. எடையை நான் சொல்ல, அவரே தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நாலு மணிக்கு 8060. நாலரைக்கு 8060. "காஞ்சிடுச்சு" என்றேன்.

"இன்னொரு தடவ."

மறுபடி ஓவனில் வைத்தேன். ஐந்து மணிக்கு 8060. இந்த முறை எழுந்து வந்து, என் தோளுக்கு மேலாக எட்டித் தராசைத் தானே படித்தார். தொடக்க எடை 8510. தேய்மானம் ஐந்து புள்ளி மூன்று. தேறிவிட்டது.

தாளை எழுதிக் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். "உன் கையெழுத்து எங்க?"

"எனக்கு உரிமை இல்ல. சார் திங்கக்கிழமை போடுவார்."

"அந்த ஆளா தேய்ச்சான்?"

"இல்ல."

"அப்ப கீழ, தேய்ச்சது இன்னாருன்னு எழுதிப் பேரப் போடு. நாளைக்குச் சுவரு கரைஞ்சா யார் வீட்டு வாசல்ல போய் நிக்கணும்னு எனக்குத் தெரியணும்ல."

எழுதினேன். தேய்த்தவர், நபோஸா. அவர் தாளை வாங்கி, ஊதி மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, சார் கையெழுத்துக்காக என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவசரம். கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நாளைக் காலைப் பூசைக்கு அவர்தான் முரசு.